கரை ஒதுங்கிய பொருளும் கண்ணாடித் தொட்டியும்

சுங்கை பூலோ என்னும் நம் ஊருக்குப் பெயர் தந்த ஆறு பெரிய ஆறன்று. ஆயினும் மேற்கு நோக்கி மெல்ல இறங்கி, செம்பனைத் தோட்டங்களின் வடிகால் நீரையும் கம்பத்து வாய்க்கால்களையும் தன்னுள் ஏற்று, கோல சிலாங்கூர் மாவட்டத்தில் ஜெராமை அடுத்த பாகான் சுங்கை பூலோ என்ற மீனவர் குடியிருப்பருகே மலாக்கா நீரிணையில் அது கலக்கும் இடத்தை ஒருமுறை சென்று பார்ப்பவர், ஒரே ஆற்றின் இரு முனைகளில் இயற்கை எவ்வளவு மாறுபட்ட இரண்டு ஜலங்களை வைத்திருக்கிறது என்பதை உணர்வார். மேல்நிலத்திலே, கருங்கல் மலைகளின்மீது பெய்து காட்டுச் சருகுகளின் சாரம் ஊறி வரும் மழைநீர் மென்னீர். சுண்ணாம்பும் உப்பும் அதில் மிகச் சொற்பம். சிறிது புளிப்புச் சுபாவமும் அதற்கு உண்டு. முகத்துவாரத்துக்கு அப்பால் விரியும் சமுத்திர ஜலமோ லிட்டருக்கு ஏறத்தாழ 30 கிராம் உப்பைச் சுமந்து, கால்சியமும் மக்னீசியமும் நிறைந்து, காரத்தன்மை உடையதாக நிற்கிறது. அமிலத்தையும் காரத்தையும் அளப்பதற்கு டென்மார்க் தேசத்து ரசாயனி சோரன்சன் 1909-இல் வகுத்த பிஎச் அளவுகோலில் 7 என்பது நடுநிலை. கடல் நீர் 8-க்குச் சற்று மேலே நிற்கும். வட சிலாங்கூரின் கரிச்சேற்றுக் காடுகளில் ஓடும் கறுத்த நீரோ 4-க்கு அருகே இறங்கிவிடும். அந்த அளவுகோலில் ஓர் இலக்கம் ஏறினால் பத்து மடங்கு என்று பொருளாதலின், இவ்விரு நீர்களுக்கும் இடையே உள்ள வித்தியாசம் பத்தாயிரம் மடங்கு ஆகும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் வசிக்கும் குடும்பங்கள் விடுமுறை நாளில் ஜெராமின் பந்தாய் ரெமிஸ், பந்திங்கை அடுத்த மோரிப், இன்னும் தெற்கே போர்ட் டிக்சன் என்று கடற்கரைகளை நாடிச் செல்வதும், திரும்புகையில் பிள்ளைகளின் கைகளில் சிப்பியும் சங்கும் வழவழத்த கல்லும் அலை தேய்த்த மரத்துண்டும் இருப்பதும், அவற்றுள் அழகானவை வீட்டுக் கூடத்து மீன்தொட்டியில் இடம்பெறுவதும் வழக்கம். அந்தத் தொட்டியில் நீந்துபவை பெரும்பாலும் நம் காட்டோடைகளின் ராஸ்போராக்களும், சண்டை மீன்களும், பார்புகளுமே. கடலின் பொருளையும் காட்டோடையின் மீனையும் முப்பது நாற்பது லிட்டர் நீருக்குள் ஒன்றாகக் குடியேற்றுகிறோம். பின்னர் மீன் ஏன் மடிந்தது என்று கடைக்காரரைக் கேட்கிறோம். கழுவாமல் போட்டதுதான் காரணம் என்று பலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. கழுவுவதால் ஒரு பொருளின்மேல் ஒட்டியிருப்பது போகும். அதனுள் ஊறியிருப்பதும் பொறுமையோடு ஊறவைத்தால் போகும். ஆனால் அந்தப் பொருள் எதனால் ஆனதோ அது எத்தனை முறை கழுவினாலும் போகாது. இந்த மூன்றையும் பிரித்தறியத் தெரிந்துகொண்டவனுக்குக் கடற்கரைப் பொருளைப் பக்குவம் செய்வது எளிய கலை.

பொருளின் சுபாவத்திலிருந்தே தொடங்குவோம். சிப்பி, சங்கு, சோழி, கிளிஞ்சல், பவளத்துண்டு ஆகியவை வடிவத்தில் ஆயிரம் விதமானாலும் ரசாயனத்தில் ஒன்றே. அனைத்தும் கால்சியம் கார்பனேட். கிளிஞ்சலைச் சூளையிலிட்டுச் சுட்டுத்தான் நம் முன்னோர் சுவருக்கும் வெற்றிலைக்கும் சுண்ணாம்பு எடுத்தார்கள். இந்தப் பொருள் தூய நீரில் ஏறத்தாழக் கரைவதே இல்லை. ஆனால் தொட்டி நீர் ஒருபோதும் தூய நீரன்று. மீன்கள் சுவாசத்தில் வெளிவிடும் கரியமில வாயுவும், அடியில் மக்கும் இலைகளிலிருந்து பிறக்கும் அதே வாயுவும் நீரிலே கரைந்து வலுக்குறைந்த ஓர் அமிலமாகின்றன. அவ்வமிலம் ஓட்டின் மேற்பரப்பை இரவு பகலாக அரித்து, கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் நீரில் சேர்க்கிறது. நீரின் கடினம் ஏறுகிறது. பிஎச் அளவு மெல்ல மெல்ல 8-ஐ நோக்கி நகர்கிறது. ஓடுகளில் பெரும்பான்மையானவை அரகோனைட் என்னும் படிக வடிவில் அமைந்தவை. அது சுண்ணக்கல்லில் உள்ள கால்சைட்டைக் காட்டிலும் சற்று எளிதில் கரையக்கூடியது. நீர் எவ்வளவு மென்மையாகவும் புளிப்பாகவும் இருக்கிறதோ அவ்வளவு விரைவில் இந்தக் கரைசல் நிகழும் என்பதால், எந்த மீனுக்கு இம்மாறுதல் மிகவும் தீங்கானதோ அந்த மீனின் தொட்டியிலேயே அது மிக வேகமாக நடக்கிறது.

இதை மனத்திற்கொண்டு பார்த்தால், ஓட்டை நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்வதற்கில்லை. யாருடைய வீட்டுக்கு என்பதே கேள்வி. ஆப்பிரிக்காவின் டாங்கனீக்கா ஏரியில், பிஎச் 9-ஐ எட்டும் கடின நீரில், நியோதௌமா என்னும் நத்தையின் வெற்றோடுகள் ஏரித்தரையில் பரந்து கிடக்க, ஐந்து சென்டிமீட்டர்கூட வளராத சிக்லிட் மீன்கள் அவ்வோடுகளையே வீடாகக் கொண்டு, அவற்றுள்ளேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. அத்தகைய மீன் வளர்ப்பவருக்கு மோரிப் கரையில் கிடைக்கும் வெற்றுச் சங்கு ஒரு வரப்பிரசாதம். கப்பியும் மோலியும் கடின நீரை விரும்பி ஏற்பவை. ஆனால் வட சிலாங்கூரின் கரிச்சேற்றுக் காட்டில் மட்டுமே வாழ்வதாக அறியப்பட்டு, 1992-இல்தான் விஞ்ஞானப் பெயர் பெற்ற பெத்தா லிவிடா போன்ற ஒரு சண்டை மீனுக்கோ, தீபகற்பத்தின் ஓடைகளில் திரியும் ஹார்லிகுவின் ராஸ்போராவுக்கோ, சிப்பி பரப்பிய தரை அந்நிய தேசமாகும். ஒன்றிரண்டு ஓடுகள் நூறு லிட்டர் தொட்டியில் பெரிய மாறுதலை உண்டாக்கா என்பதும் உண்மையே. கைநிறைய அள்ளி அடியில் பரப்பும்போதுதான் அந்தத் தொட்டி மீனுக்கு ஆகாத இடமாகிவிடுகிறது.

கல்லைப் பற்றிய ஐயத்தைத் தீர்க்கச் சமையலறையிலுள்ள வினிகர் போதும். உலர்ந்த கல்லின்மேல் சில துளிகள் விட்டு, பூதக்கண்ணாடியால் உற்று நோக்குங்கள். நுரைத்துக் குமிழியிட்டால் அது சுண்ணக்கல். குமிழி தோன்றாவிட்டால் ஆணியால் கல்லைச் சுரண்டி, அந்தத் தூளின்மேல் மறுபடி விட்டுப் பார்க்க வேண்டும். ஏனெனில் மக்னீசியம் கலந்த டோலமைட் போன்ற கற்கள் முழுக்கல்லாக இருக்கையில் மௌனமாக இருந்து தூளாகும்போதே தம் இயல்பைக் காட்டும். நம் பள்ளத்தாக்கிலேயே இவ்விரு வகைக்கும் தலைசிறந்த உதாரணங்கள் உண்டு. தைப்பூசத்துக்கு லட்சக்கணக்கானோர் படியேறும் பத்துமலை சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சுண்ணக்கல். அதற்குக் கிழக்கே கிள்ளான் கேட்ஸ் அணைக்கருகில் 14 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் வெண்முகடோ முழுவதும் குவார்ட்ஸ், அதாவது நம்மவர் வெங்கச்சங்கல் என்று சொல்லும் கல். முன்னது மென்னீரில் கரையும். பின்னது எந்தத் தொட்டியிலும் எத்தனை ஆண்டு கிடந்தாலும் நீரோடு எவ்வித உறவும் கொள்ளாது. மணலுக்கும் இதே நியாயம் பொருந்தும். பவளத்தீவுகளின் வெண்மணல் பெரும்பாலும் பொடிந்த பவளமும் ஓடுமே. பழைய வெள்ளீயச் சுரங்கங்களின் கழிவாகக் குவிந்த மணலோ குவார்ட்ஸ் மிகுந்தது. ஜெராம் பக்கத்துக் கரையிலிருந்து மட்டும் மணலென்று எதையும் அள்ளி வராதீர்கள். அங்கே கிடப்பது மணலன்று, சேறு; பிராணவாயு எட்டாத அதன் ஆழத்தில் கடல்நீரின் சல்பேட்டைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் விஷவாயுவை விடுகின்றன; அழுகிய முட்டையின் நாற்றமும் கறுப்பு நிறமும் அதன் அடையாளங்கள்.

துருப்பிடித்த சிவப்புக் கோடுகளும், பொன்போல் மின்னும் துகள்களும் உள்ள கற்களையும் விலக்குவதே நலம். பொன்னென மயக்கும் பைரைட் நீரிலும் காற்றிலும் சிதைந்து கந்தக அமிலத்தைப் பிறப்பிக்கக் கூடியது.

இனி ஒட்டியிருப்பவற்றைப் பார்ப்போம். இவற்றுள் மிகக் கொடியது உப்பன்று, சதை. வெறுமை என்று நாம் நம்பி எடுத்துவரும் சங்கின் கடைசிச் சுருளில் நத்தையின் உடல் ஒரு நகக்கண் அளவு மிஞ்சியிருந்தால் போதும்; தொட்டியில் அது அழுகி அமோனியாவாக மாறும். பழகிய தொட்டியின் வடிகட்டியில் குடிகொண்டுள்ள பாக்டீரியாக்கள், ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி 1890 வாக்கில் பிரித்துக் காட்டிய அந்த நுண்ணுயிர்க் கூட்டத்தார், அமோனியாவை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். புதிய தொட்டியில் அவை பெருகுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். இங்கேதான் ஓட்டின் சுண்ணாம்பும் சதையின் அழுகலும் கைகோக்கின்றன. நீரில் உள்ள அமோனியா முழுவதும் விஷமன்று. அயனியாகாத பகுதியே செவுளைத் தாக்குவது. நம் வீட்டு வெப்பநிலைக்கு நெருங்கிய 25 பாகை செல்சியஸில் பிஎச் 7 ஆக இருக்கையில் அப்பகுதி நூற்றில் அரைக்குச் சற்று மிகுதி. பிஎச் 8 ஆகும்போது நூற்றில் ஐந்துக்கும் மேல். ஆகவே சரியாகக் கழுவப்படாத ஒரு பிடி சிப்பி, விஷத்தையும் தந்து, அந்த விஷத்தைப் பத்து மடங்கு கூர்மையாக்கும் காரத்தையும் தானே தருகிறது. புதுத் தொட்டியில் ஒரே இரவில் எல்லா மீனும் மிதப்பதை நான் கேள்விப்படும் போதெல்லாம் முதலில் நினைவுக்கு வருவது இந்தக் கணக்கே.

சதையை நீக்குவதற்கு அழுகவிடுவதைக் காட்டிலும் பூரணமான வழி இல்லை என்பதை நம்மவர் நெடுங்காலமாக அறிவர். மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பில், சிப்பிகளைக் கத்தியால் திறக்காமல் வேலியடைத்த கொட்டில்களில் குவித்து, ஈப்புழுக்கள் சதையை அரித்து உண்ணும்வரை காத்திருந்து, பின்பே தொட்டிகளில் அலசி முத்தெடுத்தார்கள். 1905-ஆம் ஆண்டு இலங்கையின் மரிச்சுக்கட்டிக் கரையில் சுமார் 8 கோடிச் சிப்பிகள் இவ்வாறு பக்குவப்பட்டன என்றால், அந்த நாற்றத்தை வாசகர் கற்பனை செய்துகொள்ளலாம். வீட்டிலே அதன் சிறு வடிவம், ஒரு பூந்தொட்டியில் மண்ணிட்டு ஓடுகளைப் புதைத்து மூன்று நான்கு வாரம் நிழலில் விட்டுவிடுவது. நம் ஊர் எறும்புகள் எஞ்சியதை முடித்துவிடும். பொறுமை இல்லாதவர் ஓடுகளைக் குளிர்ந்த நீரில் இட்டு, அடுப்பில் மெல்லச் சூடேற்றிப் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு, வளைந்த ஊசியால் உள்ளிருப்பதை இழுத்தெடுக்கலாம். பாசாரில் கெராங் என்று கூறுகட்டி விற்கும் மட்டியை உண்டபின் அதன் ஓட்டைப் பயன்படுத்த விரும்புவோர் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். பெரும்பாலான மற்ற மட்டிகளுக்கு இல்லாத ஹீமோகுளோபின் அதன் குருதியில் உண்டு. திறக்கும்போது சிவப்பாக ஒழுகுவது அதுதான். ஓட்டின் கீல் இடுக்கில் ஒட்டிக்கொள்ளும் அந்தச் சாரமும் தசைநாரும் சமைத்தபின்பும் முற்றும் நீங்குவதில்லை. பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தே எடுக்க வேண்டும்.

சதை நீங்கிய பின்னரே வெளுப்பு மருந்தின் வேலை. கடைகளில் குளோரோக்ஸ் என்று கேட்டு வாங்கும் திரவத்தில் செயல்படுவது சோடியம் ஹைப்போகுளோரைட். வாசனையோ சோப்போ கலவாத வகையாகப் பார்த்து வாங்கி, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நீர் சேர்த்து, ஓடுகளையும் கற்களையும் ஓர் இரவு மூழ்கவைத்தால் பாசியும் கிருமியும் மெல்லிய சவ்வும் கரைந்துபோகும். அதற்கு மேல் விட்டால் ஓட்டின் படிகங்களைப் பிணைக்கும் புரதம் சிதைந்து பளபளப்புக் குன்றும். பின்பு பலமுறை அலசி, மீன்கடைகளில் விற்கும் ஆன்டி-குளோரின் கலந்த நீரில் ஒரு நாள் வைத்து, வெயிலில் காயவிட்டு, முகர்ந்து பார்த்துக் குளோரின் மணம் சிறிதும் இல்லை என்று தெளிந்த பிறகே அடுத்த கட்டத்துக்குப் போகலாம். இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். கல்லைச் சோதித்த வினிகரும் ஓட்டை வெளுக்கும் மருந்தும் ஒரே பாத்திரத்தில் சேரவே கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு எழும். முதல் உலகப் போரில் படைவீரரைக் கொல்ல 1915-இல் பயன்பட்ட அதே வாயு அது. கல்லைச் சுத்தம் செய்வதாக எண்ணி நேராக நெருப்பிலோ அடுப்பறைச் சூளையிலோ வைப்பதும் ஆபத்தே. நுண்துளைகளில் அடைபட்ட நீர் ஆவியாகி விரியும்போது கல் வெடித்துச் சிதறும்.

மரத்துண்டுகளின் கதை இதனினும் சுவையானது. கடலில் மிதந்து கரையேறிய மரத்தைக் கண்டவுடன் எல்லோருக்கும் வரும் பயம் உப்பு. கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கட்டை அரை லிட்டர் கடல்நீரை உறிஞ்சியிருப்பதாகக் கொண்டால், அதிலுள்ள உப்பு சுமார் 15 கிராம். 60 லிட்டர் தொட்டியில் அது முழுவதும் இறங்கினாலும் லிட்டருக்குக் கால் கிராமே ஆகும். இது மீனைக் கொல்லும் அளவன்று; மென்னீர்ச் செடிகளையும் முட்டைகளையும் மட்டுமே தொந்தரவு செய்யும். அந்த உப்பையும் வெளியேற்றலாம். ஆனால் மரத்தின் நடுவிலிருந்து உப்பு வெளியே ஊர்ந்து வரும் காலம் அதன் கனத்தின் வர்க்கத்தை ஒத்து வளரும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். இரண்டு சென்டிமீட்டர் கனமுள்ள துண்டுக்கு ஒரு வாரம் ஆகுமென்றால் நான்கு சென்டிமீட்டருக்கு நான்கு வாரம் ஆகும். நீரை இரண்டு நாளுக்கொருமுறை மாற்றிக்கொண்டே வந்து, கரைந்த திடப்பொருளை அளக்கும் சிறு மின்மானியால் சோதித்து, ஊறிய நீரின் அளவும் குழாய் நீரின் அளவும் ஒன்றானவுடன் உப்பு நீங்கியது எனக் கொள்ளலாம். இடையிடையே கொதிக்கவைத்தால் காலம் சுருங்கும். மரத்துக்குள் அடைபட்ட காற்று வெளியேறி அது நீரில் அமிழவும் செய்யும். வெளுப்பு மருந்தில் மட்டும் மரத்தை ஒருபோதும் ஊறவைக்க வேண்டாம். உறிஞ்சியதை அது மாதக்கணக்கில் கக்கிக்கொண்டிருக்கும்.

உப்பைவிட அஞ்சத்தக்கவை வேறு உள்ளன. வண்ணமோ தாரோ பூசிய பலகை, துருப்பிடித்த ஆணி தங்கிய கட்டை, பழைய படகின் சிதைவு ஆகியவற்றைத் தொடவே வேண்டாம். படகின் அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் பற்றாமல் இருக்கப் பூசும் வண்ணங்களில் செம்பு உண்டு. இறாலுக்கும் நத்தைக்கும் செம்பு மிகச் சிறிய அளவிலேயே நஞ்சு. முன்னாளில் அவ்வண்ணங்களில் சேர்த்த கரிம வெள்ளீயச் சேர்மம் பெண் நத்தைகளுக்கு ஆணுறுப்பு முளைக்கச் செய்யும் அளவுக்குக் கொடியது என்று கண்டுபிடிக்கப்பட்டு, 2008 முதல் உலகெங்கும் கப்பல்களுக்குத் தடை செய்யப்பட்டது. போர்ட் கிள்ளான் போன்ற பெருந்துறைமுகத்தின் அண்டையில் கரையொதுங்குவதை நான் எடுக்கமாட்டேன். எடுக்கும்படி யாருக்கும் சொல்லவும் மாட்டேன். விரல் நுழையும் துளைகள் நிறைந்த மரம் கண்ணுக்கு அழகானது. அத்துளைகளைக் குடைந்தது கப்பற்புழு. பெயரிலே புழுவானாலும் அது சிப்பி இனத்தைச் சேர்ந்த பிராணி. தான் குடைந்த சுரங்கத்தின் உட்சுவரைச் சுண்ணாம்பால் பூசிக்கொண்டு வாழ்வது அதன் வழக்கம். எனவே அத்தகைய மரம் மரமாகத் தோன்றினாலும் ரசாயனத்தில் பாதி சிப்பியே. வினிகர்ச் சோதனை அதற்கும் வேண்டும். கண்டல் இனத்தைச் சேர்ந்த பாக்காவ் மரத்தின் கெட்டியான துண்டு கிடைத்தால் அது எல்லாவற்றிலும் உயர்ந்தது; எளிதில் அமிழும், எளிதில் மக்காது. ஆனால் தானே விழுந்து அலை கொணர்ந்ததாக இருக்க வேண்டும். உயிருள்ள கண்டலை வெட்டுவது கரையையே வெட்டுவதாகும். புதிதாக அமிழ்த்திய மரத்தின்மேல் சில நாளில் வெண்மையான கூழ்போன்ற படலம் தோன்றினால் பயப்பட வேண்டியதில்லை. அது மரச்சர்க்கரையை உண்ணும் பூஞ்சையும் பாக்டீரியாவும். சில வாரங்களில் தானே மறையும்.

மரத்திலிருந்து இறங்கும் பழுப்பு நிறம் டேனின் என்னும் துவர்ப்புப் பொருள். இதைக் குறையெனக் கருதிப் பலர் வருந்துகிறார்கள். நம் காட்டு மீன்களுக்கோ அதுவே தாய்வீட்டு நீர். இதற்காகவே நம் கடற்கரைகள் தரும் மிகச் சிறந்த பொருள் ஒன்றைக் காலடியில் மிதித்துக்கொண்டு போகிறோம். போர்ட் டிக்சனிலும் மோரிப்பிலும் கரையோரம் குடைகுடையாகக் கிளை விரித்து நிற்கும் கெத்தாபாங், அதாவது நாட்டு வாதுமை மரத்தின் உதிர்ந்த சருகே அது. சண்டை மீன் வளர்ப்போர் இதைத் தொன்றுதொட்டுத் தொட்டியில் இடுகிறார்கள். தானே பழுத்துச் சிவந்து விழுந்து நன்றாகக் காய்ந்த இலையாக, பூச்சிக்கூடும் வெண்பூஞ்சையும் இல்லாததாக, சாலைப் புகையும் பூச்சிமருந்தும் படாத இடத்திலிருந்து எடுத்து, நீரில் அலசி, ஒருமுறை வெந்நீர் ஊற்றி வைத்தால் போதும். 20 லிட்டர் நீருக்கு ஓர் இலை என்று தொடங்கி, நிறத்தைப் பார்த்துக் கூட்டலாம். சிப்பி நீரைக் கடலை நோக்கி இழுக்கும்; இந்த இலையோ காட்டோடையை நோக்கி இழுக்கும். வட சிலாங்கூர் மீன் வளர்ப்பவருக்குக் கடற்கரையின் உண்மையான கொடை சங்கன்று, சருகு என்பது என் முடிபு. அதனோடு, பாதியாகப் பிளந்து வாயில் வெட்டிய தேங்காய்ச் சிரட்டை ஒன்றை நார் நீக்கிக் கொதிக்கவைத்துக் கவிழ்த்துவிட்டால், ஒளிந்திருக்க விரும்பும் மீனுக்கு வேறு குகை வேண்டியதில்லை.

பவளத்தைப் பற்றித் தனியே பேச வேண்டியிருக்கிறது. கரையில் வெளுத்துக் காய்ந்து கிடக்கும் பழைய துண்டு வெறும் சுண்ணாம்பே. ஆனால் கடலிலிருந்து பெயர்த்த பாறையிலும், கடல்நீர்த் தொட்டிக்கென்று விற்கும் உயிர்ப்பாறையிலும், பாலித்தோவா என்னும் மென்மையான பூப்போன்ற பிராணிகள் ஒட்டியிருக்கலாம். ஹவாய்த் தீவான மாவியின் ஒரு கரைக்குட்டையில் இருந்த இந்த இனத்தின் சாரத்தை அத்தீவினர் முற்காலத்தில் ஈட்டி முனையில் தடவி வந்தனர். 1971-இல் மூர், ஷூயர் என்ற இரு ரசாயனிகள் அதிலிருந்து பாலிடாக்சினைப் பிரித்தெடுத்தார்கள். இயற்கையில் நாம் அறிந்த விஷங்களில் மிகக் கொடியவற்றுள் அது ஒன்று, வெந்நீரால் அழியாதது, கொதிக்கும் ஆவியோடு கலந்து நுரையீரலை அடையக்கூடியது. 2018-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில், தொட்டியிலிருந்து எடுத்த பவளப் பாறையைச் சுத்தம் செய்யப்போன ஒரு குடும்பத்தாரும், உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்களும் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தது. ஆகையால் உயிர் ஒட்டியிருக்கும் எந்தப் பாறையையும் வீட்டிலே கொதிக்கவைக்கவோ, வெறுங்கையால் சுரண்டவோ கூடாது. கடற்கரையில் கூம்பு வடிவமான அழகிய சங்கைக் காணும்போதும் அதே எச்சரிக்கை. உயிரோடிருக்கும் கூம்புச் சங்கு விஷம் தோய்ந்த அம்பு போன்ற பல்லைப் பாய்ச்சும், அதன் பெரிய இனங்கள் மனிதரைக் கொன்றதுண்டு.

கழுவி, ஊறி, காய்ந்து முடிந்த பொருளை நேரே மீனிடம் அனுப்பாமல், தொட்டியில் பயன்படும் அதே நீரை ஒரு வாளியில் எடுத்து அதில் இரண்டு வாரம் போட்டு வைப்பது நல்லது. தொடக்கத்திலும் முடிவிலும் பிஎச், கடினம், அமோனியா ஆகிய மூன்றையும் சோதனைத் தாளாலோ திரவத்தாலோ அளந்து, பக்கத்தில் ஒன்றும் போடாத இன்னொரு வாளியோடு ஒப்பிட வேண்டும். ஒப்பிடும் வாளி இல்லாத சோதனைக்கு மதிப்பில்லை. நம் வெப்பத்தில் வெறும் நீர்கூட இரண்டு வாரத்தில் மாறும். அமோனியா ஏறினால் மறுபடி சுத்தம் செய்யுங்கள். கடினமும் பிஎச்சும் ஏறினால் சுத்தம் செய்து பயனில்லை. மீனை மாற்றுங்கள், அல்லது பொருளை மாற்றுங்கள்.

கடற்கரைப் பொருளை வீட்டுக்குக் கொண்டுவரும் இந்த ஆசையின் விலை மீன்தொட்டியின் சரித்திரத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. லண்டனில் அன்னா தைன் என்ற மாது 1846-இல் கடற்பவளத்தை வீட்டில் வாழவைத்துக் காட்டினார். வாரிங்டன் என்ற ரசாயனி 1850-இல் மீன், செடி, நத்தை மூன்றும் ஒன்றையொன்று தாங்கி வாழும் தொட்டியை விவரித்தார். 1853-இல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் மீன்களுக்கென ஒரு மாளிகை எழுந்தது. அடுத்த ஆண்டு இயற்கைவாதி பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் நாட்டையே கடற்கரைக்கு அனுப்பியது. வாளியும் வலையுமாய் இறங்கிய கூட்டம் தென்னிங்கிலாந்தின் கரைக்குட்டைகளைச் சில பத்தாண்டுகளில் வெறுமையாக்கிவிட்டதைக் காஸின் மகன் எட்மண்ட் 1907-இல் வெளியிட்ட சுயசரிதையில் துயரத்தோடு பதிவு செய்தார். அந்த அழிவை விதைத்தவர் கடலை உண்மையாக நேசித்த ஒருவர் என்பதுதான் நெஞ்சை உறுத்துவது. அண்மைக் காலத்தில் ஸ்பெயினின் சாலோ நகரத்துக் கடற்கரை ஒன்றில், முப்பது ஆண்டு இடைவெளியில் ஒரே முறையில் எண்ணிய ஆராய்ச்சியாளர்கள், சுற்றுலாப் பயணிகள் ஏறத்தாழ மூன்று மடங்கு பெருகிய காலத்தில் கரையிலிருந்த ஓடுகள் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் குறைந்ததை 2014-இல் வெளியிட்டார்கள். வெற்றோடு யாருக்கும் வேண்டாத குப்பை என்ற எண்ணம் தவறானது. துறவி நண்டுகள் வளர வளரப் பெரிய ஓடு தேடி வீடு மாற வேண்டியவை; ஓடு கிடைக்காத நண்டின் மெல்லிய வயிறு பறவைக்கு இரையாகும். எஞ்சிய ஓடுகள் பொடிந்து கரைக்கே மணலாகின்றன.

நம் நாட்டின் கடல் பூங்காக்களில் பவளத்தையும் சிப்பியையும் எடுப்பது 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின்படி குற்றம். தமிழ்நாட்டிலோ மன்னார் வளைகுடாவின் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குச் சமமான இடத்தில் இருக்கிறது. சட்டம் எட்டாத பொதுக்கரையிலும் வாசகர்களை நான் வேண்டிக்கொள்வது இதுவே: சங்கை எடுக்குமுன் திருப்பி உள்ளே பாருங்கள், உயிரோ நண்டோ இருந்தால் இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள், வெறுமையானவற்றிலும் உங்கள் தொட்டிக்குத் தேவையான ஒன்றிரண்டோடு நின்றுகொள்ளுங்கள், மென்னீர் மீன் வளர்ப்பவராயின் அந்த ஒன்றிரண்டும் வேண்டாம். கெத்தாபாங் சருகை மட்டும் வேண்டிய அளவு பொறுக்கிக்கொள்ளலாம். அந்த மரம் பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை இலையுதிர்க்கும்.